மந்திரவாதி ஏன் கஞ்சி குடித்தார்?

வீடியோ கேசட் கடை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் முதலில் கதையைத்தான் வாடகைக்கு எடுப்பார், கேசட் அப்புறம்தான்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் கடை. "கதை என்ன மைனி?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவார்கள். பாதி சொல்லி நிறுத்த வேண்டும். முழுக்கச் சொன்னால் கேசட் போகாது, சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் தொண்டை பட்ட பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

துபாயிலிருந்து வந்தது

எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்ததும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "தை பொறக்கட்டும். முன்னறைய ஜெராக்ஸ்காரருக்கு விட்டுருவோம்." அந்த வீட்டில் என்னைக் கேட்டு ஆட்கள் வரும் ஒரே இடம் அந்த அறைதான். அதுவும் போனால் நான் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் துபாயில் வேலை பார்த்த காயல்பட்டினத்து பாய் ஒருவர் விடுமுறையில் வந்து, கடைக்கென்று ஒரு கேசட் கொடுத்தார். ஏதோ புகழ்பெற்ற பழைய மாயக்கதையை ஜப்பான்காரர்கள் கார்ட்டூனாக எடுத்தது, பேச்சு இங்கிலீஷில். ஓட்டிப் பார்த்தேன். கடல், பனி, விளக்கு மிதக்கும் ஊர் என்று ஒவ்வொன்றும் சட்டம் போட்டு மாட்டலாம்போல இருந்தது. கதை மட்டும் பிடிபடவில்லை. பாயிடமே கேட்டேன்.

"படம் மாஷா அல்லாஹ், அப்படி ஒரு அழகு. கதைய மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க தங்கச்சி."

கத்தரிக்கோல் பழி

முதலில் எடுத்துப்போனவர் எங்கள் தெருக் கணக்கு வாத்தியார். 'ஓர் இளவரசன் வெள்ளைப் பறவையைத் தேடிப் போகிறான், வழியில் ஒரு மந்திரவாதி' என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். அந்தக் காலத்து வாடகைக் கேசட்டில் நாடா அறுந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிவிடுவோம் என்பது ஊருக்கே தெரியும். நடுவில் ஒரு துண்டை நான்தான் வெட்டிவிட்டேன் என்று அவருக்குச் சந்தேகம். அவர் கண்ணெதிரே திருகாணியைக் கழற்றி, நாடாவை முழுக்கச் சுற்றிக் காட்டினேன். ஒட்டு இல்லை. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மந்திரவாதி செத்துப் போறாரு. அடுத்த சீன்ல உக்காந்து கஞ்சி குடிக்காரு. நடுவுல நீங்க வெட்டலன்னா வேற யாரும்மா வெட்டுனா?"

சடங்கு வீட்டில்

கோபாலசமுத்திரம் பக்கம் ஒரு பெண் சமைந்த சடங்கு வீட்டுக்கு, கேசட் ஓட்டும் டெக்கும் டி.வி.யும் கேட்டார்கள். அட்டையில் இருந்த பறவை அழகாக இருக்கிறதென்று இந்தக் கேசட்டையும் எடுத்துப்போனார்கள். போச்சு, சண்டைப்படம் இல்லையென்று பந்தலில் டெக்கையே உடைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத கூட்டம் கடைசிவரை அசையாமல் பார்த்திருக்கிறது.

டெக்கைத் திருப்பிக் கொண்டுவந்தது பெண்ணின் அத்தை. நடவுக்குப் போகிறவர். காற்றில் பச்சைப் பயிர் மடிந்து மடிந்து எழுவதைக் கையை அசைத்தே காட்டினார். "அப்படியே நம்ம வயலுதான் மைனி" என்றார். பிறகு முகம் மாறிவிட்டது.

"ஆனா அந்த எளவரசன் குதிரைய நாத்துக்குள்ளயே வுட்டுட்டுப் போறான். படம் முடியுத வரைக்கும் ஒருத்தரும் அவன ஏம்லேன்னு கேக்கலயே."

அவள் ஏன் அழுதாள்?

படத்தில் ஒரு பெண் மலையுச்சியில் நின்று தேம்பித் தேம்பி அழுவாள். ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பயத்தில் அழுகிறாள் என்றார் வாத்தியார். இளவரசன் மேல் ஆசை என்றார் அவர் மைத்துனர். ரெண்டு பேரும் கேசட்டை மறுபடி எடுத்துப்போனார்கள். தீரவில்லை. மைத்துனர் தம் அலுவலகத்தில் போய்ச் சொல்ல, அங்கே ரெண்டு கட்சி உண்டாயிற்று. இரு கட்சியும் என் கடைக்கு வந்தன. கதை கேட்க வந்த கூட்டம் போய், கதை சொல்ல வந்த கூட்டம் என் முன்னறையை நிறைத்தது. நான் வாயே திறக்கவில்லை. வந்தவர்கள் போகும்போது வேறு கேசட்டுகளும் எடுத்துப்போனார்கள். வாத்தியார் மட்டும் அந்தக் கேசட்டைவிட்டு அசைந்து கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவ குடுங்க. இந்த மட்டம் அவ அழுதத நிறுத்தி நிறுத்திப் பாக்கேன்."

அறை பார்க்க வந்தவர்

தை பிறந்தது. எங்கள் வீட்டுக்காரர் சொன்னபடியே ஜெராக்ஸ்காரரைக் கூட்டிவந்தார். நான் திரும்பி வந்த கேசட்டை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டிச் சுவரை முழம் போட்டுக்கொண்டிருந்த ஜெராக்ஸ்காரர் பைய டி.வி. பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ள ஏன் அண்ணாச்சி அழுதா?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அந்தப் பறவ இருக்குல்லா, அது அவ தம்பி வே. சாபம்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனுஷன் இதை எப்போது பார்த்தார்? அதற்குள் டி.வி.யில் அவள் அந்தப் பறவையைக் கல்லால் எறிந்தாள்.

"தம்பின்னா பெறவு ஏன் கல்லால எறிஞ்சா?"

"அங்கனதான் விசயமே இருக்கு. உக்காரும், சொல்லுதேன்."

நானே ரெண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். தம்பி என்றார் இவர், இருக்கவே முடியாது என்றார் அவர். சுவரைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. கடைசியில் ஜெராக்ஸ்காரர் எழுந்து என்னிடம் கையை நீட்டினார்.

"அறைய பெறவு பாப்போம். மொதல்ல அந்தக் கேசட்டக் குடுங்க மைனி, அண்ணாச்சி சொல்லுதது தப்புன்னு நிரூபிச்சுட்டு வாரேன்."

அந்த ஜப்பான்காரர்கள் மட்டும் கதையை ஒழுங்காகச் சொல்லித் தொலைத்திருந்தால், என் முன்னறையில் அந்தத் தையிலேயே ஜெராக்ஸ் ஓடியிருக்கும்.