மத்தியதரைக் கடலை நம்பாத பாண்டித்துரை

போடிநாயக்கனூரில் பாண்டித்துரை சந்தேகப்படாத பொருள் என்று ஒன்று இருந்ததாகத் தகவல் இல்லை. ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் சரக்கின் தரம் பார்ப்பது அவர் வேலை. மூட்டையின் மேல்பக்கம் பச்சைப்பசேலென்று இருந்தால், அடிவரை கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். ஈரத்துணியில் காயைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். மனைவி பொற்கொடியை அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போனபோதும் கையில் ஈரக் கைக்குட்டை இருந்ததாக மைத்துனர் சொல்கிறார், உறுதிப்படுத்த முடியவில்லை.

இவருடைய மகள் சுகன்யா ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கடற்கரையில், மலகா நகரத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே இருக்கும் ராஜ்கமல் என்பவனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். பையன் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரன்தான். காலையில் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றி, அக்கம்பக்கத்து ஊர்களைக் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் தொழில்.

"நம்ம குரங்கணி மலைக்கு ஜீப்பு ஓட்டுறவன் பாக்குற சோலி. அதுக்கு எதுக்கு ஸ்பெயினு? அடியில வேற என்னமோ இருக்கு" என்றார் பாண்டித்துரை.

அப்பா சரி சொல்லாமல் கல்யாணம் இல்லை என்று சுகன்யாவும் உறுதியாக இருந்தாள். ஆகவே அவர் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ராஜ்கமல் தன் வேனின் முன்சீட்டிலேயே அவரை உட்காரவைத்துக் கூட்டிப்போனான். முதலில் கடற்கரை. வெள்ளைக்காரர்கள் வரிசையாக வெயிலில் கிடந்தார்கள்.

"காயை வெயில்ல போட்டா நெறம் போயிருமே தம்பி. இவங்க ஏன் இப்படிக் காயிறாங்க?"

"நெறம் மாறணும்னுதான் மாமா வர்றாங்க."

பாண்டித்துரை இதை நம்பவில்லை. கடலின் நீலமும் அவருக்குச் சரியாகப்படவில்லை. வெள்ளைக் கைக்குட்டையை அலையில் நனைத்துப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"உசத்தியான சாயம்" என்றார்.

மறுநாள் ரோண்டா என்ற மலையூர். பெரிய பள்ளத்தாக்கின் குறுக்கே பழைய கல்பாலம். எல்லோரும் மேலே நின்று படமெடுக்க, இவர் மட்டும் பாலத்தின் அடியைப் பார்க்க மூச்சிரைக்க இறங்கினார். அடியும் கல்லாகவே இருந்தது. அது அவருக்கு ஏமாற்றம்.

"பையன் எப்படிங்க?" என்று போனில் கேட்டாள் பொற்கொடி.

"மாமா, மாமாங்கிறான். மேலாக்க நல்லாத்தான் இருக்கு. இன்னும் அடி தெரியல."

கடைசி நாள், மலைமேல் சுண்ணாம்பு அடித்த ஒரு கிராமம். ராஜ்கமல் தன் சுற்றுலாக் கூட்டத்தை எப்போதும் அழைத்துப் போகும் கடையில், கடைக்காரம்மாள் வறுத்த பாதாமைத் தட்டில் நீட்டினாள். பாண்டித்துரை ஒரு கை அள்ளினார். உருட்டிப் பார்த்தார், முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார். மிச்சத்தை அப்படியே தரையில் கொட்டினார்.

போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் அதுதான் முறை. தட்டில் வரும் சாம்பிளைப் பார்த்துவிட்டுக் கீழே கொட்டுவார்கள். முடியும்போது ஏலக்காய் மேல்தான் நடந்து வெளியே வர வேண்டும். ஸ்பெயினில் இந்த முறை இன்னும் வரவில்லை போலும். கடை மொத்தமும் அவரையே பார்த்தது. கடைக்காரம்மாள் கத்தினாள்.

ராஜ்கமல் அவளிடம் ஏதோ சொல்லி, துடைப்பத்தை வாங்கித் தானே கூட்டினான். அவள் முகம் தணிந்தது. பாண்டித்துரைக்குச் சந்தேகம் வந்தது.

"என்னய கிறுக்கன்னு சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. எங்க ஊர்ல சரக்கு பாக்குறவரு, கொட்டிப் பாக்குறது அங்க வழக்கம்னு சொன்னேன். அப்ப சரக்கு எப்படின்னு கேக்குறா."

"நமுத்துப் போயிருக்கு. அப்படியே சொல்லு பாப்போம்."

ராஜ்கமல் திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு தினமும் வந்து நிற்க வேண்டிய அந்தக் கடையைப் பார்த்தான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

பாண்டித்துரைக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் கடைக்காரம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சிவந்தது. அவள் வெடுக்கென்று ஒரு பாதாமை எடுத்துக் கடித்தாள். மெல்வதைப் பாதியில் நிறுத்தினாள். தட்டோடு உள்ளே போய், புதிதாக வறுத்ததைக் கொண்டுவந்து வைத்தாள்.

பாண்டித்துரை ஒன்றை வாயில் போட்டார். மொறுமொறுவென்றிருந்தது. கையில் மிஞ்சியதைக் கொட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டிய எடுங்க மாப்ளே. வெரசா போவோம்" என்றார். "போற வழியில கடல் பக்கம் கொஞ்சம் நிறுத்துங்க. கைக்குட்டைய வெந்நீர்ல முக்கிப் பாத்தா ஒருவேளை சாயம் வரும்."