அம்மா வடதுருவம் போன ஆண்டு

மீனும் நனைந்த அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். எனக்குப் பதினொரு வயதான அந்த ஆண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் பத்தாவது மாடியில் இருந்த எங்கள் மூவறை வீட்டில், அந்த வாடை அப்பாவின் சட்டையிலிருந்து மட்டுமல்லாமல் அம்மாவின் தலைமுடியிலிருந்தும் வர ஆரம்பித்தது. அப்பா ஜூரோங் பக்கம் ஒரு மீன் குளிர்க்கிடங்கில் மேற்பார்வையாளர். அம்மா தொடக்கப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சனிக்கிழமைப் பகல்களில், முதலாளியிடம் அனுமதி வாங்கி, அப்பா அம்மாவைக் கிடங்கின் 'கோல்ட் ரூமுக்குள்' அழைத்துப்போவார். உறைந்த வவ்வால் மீன் பெட்டிகளுக்கு நடுவே, தடித்த கையுறைக்குள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, அம்மா எண்களை எழுதிப் பழகுவார். கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பா கதவைத் திறந்து, "போதும் ஸ்டெல்லா, வெளிய வா, மூக்கு செவந்துடுச்சு" என்பார். அம்மா, "இன்னும் ஒரு பக்கம்ங்க" என்பார்.

வடதுருவப் பக்கம் கடல்பனியை அளக்கும் ஆய்வுக்குழு ஒன்று, ஒரு பள்ளி ஆசிரியரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ள விரும்பியது. அவர் விஞ்ஞானிகளோடு ஐந்து வாரம் வேலை செய்ய வேண்டும். திரும்பி வந்து, பார்த்ததை வகுப்பறைகளிலும் மற்ற ஆசிரியர்களிடமும் சொல்ல வேண்டும். அம்மா யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தார். தேர்வான கடிதம் வந்த அன்றுதான் எங்களுக்கே தெரியும். அதுவரை அவர் பனியை நேரில் பார்த்தது கிடையாது. கொடைக்கானலுக்குக்கூடப் போனதில்லை.

மேலங்கியும் காலணியும் குழுவே தந்துவிடும் என்றாலும், உள்ளே போட்டுக்கொள்ள ஒரு கம்பளிக் குல்லா வாங்க, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனோம். ஊருக்குப் போகிறவர்களுக்காக 'ஸ்வெட்டர்' அடுக்கி வைத்திருந்த ஒரு கடையில், "ஊட்டிக்கா அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "இன்னும் கொஞ்சம் வடக்கண்ணே" என்றார் அம்மா. "அப்போ காஷ்மீரு." "இன்னும் கொஞ்சம் வடக்கு." அவர் கையிலிருந்த குல்லாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுக்கு மேல என்னக்கா இருக்கு?" என்று உண்மையாகவே கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்தப் பயணத்தைப் பற்றி நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

எனக்கு அம்மா மேல் கோபம். அவர் புறப்பட்டது குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள். அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். எங்கள் கோயிலின் தமிழ்த் திருப்பலியில், அவ்வருடம் முதன்முறையாக, பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருந்தது. இரண்டு மாதமாகத் துணி மடிக்கும்போதும் குளிக்கும்போதும் அதையே பாடிக்கொண்டிருந்தேன். பயண நாளை மாற்ற முடியாது என்று அம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். நான் கேட்டுக்கொண்டேனே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை. கோயில் வாசலில் ஒரு 'ஆன்ட்டி' இன்னொருவரிடம், "பொம்பளப் புள்ளய விட்டுட்டு ஐஸ் பாக்கப் போறாங்களாம்லா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அப்பா மட்டும், "உங்கம்மா ஊர் சுத்தப் போகல ஜெனி, வேலைக்குப் போறா" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஈஸ்டர் காலையில் பாடினேன். நன்றாகவே பாடினேன் என்றார்கள். முன்வரிசையில் அப்பா தனியாக உட்கார்ந்து, கைப்பேசியால் படம் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

மே மாத நடுவில் அம்மா திரும்பி வந்தார். கண்ணைச் சுற்றிப் பனிக்கண்ணாடியின் தடம் தவிர முகமெல்லாம் கறுத்திருந்தது. இரண்டாம் நாளே பள்ளிக்கூடத்தில் முதல் உரை. நானும் அதே பள்ளியில் தொடக்கநிலை ஐந்தில் படித்தேன். பள்ளியில் அவரை 'மிசஸ் அருள்' என்றுதான் நானும் கூப்பிட வேண்டும். மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்க, அம்மா தொண்ணூறு படங்கள் காட்டினார். வெள்ளைச் சமவெளி, வெள்ளை மலை, மறுபடியும் வெள்ளைச் சமவெளி. நாற்பதாவது படத்துக்குமேல் பின்வரிசையில் கிள்ளல் சண்டை தொடங்கிவிட்டது. முடிவில் கேள்வி கேட்கச் சொன்னபோது முதல் கேள்வி, "பென்குயின் எங்கே?" என்பது. பென்குயின் தென்துருவத்தில்தான் உண்டு என்று அம்மா சொன்னதும், மண்டபம் முழுவதும் ஏமாற்றத்தில் ஒரே 'ஆ...' போட்டது. இரண்டாவது கேள்வியே வரவில்லை.

அதே வாரத்தில் ஆசிரியர் அறையிலும் பேசினார். பள்ளி விட்டபின் அம்மாவுக்காக அங்கே ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதுவது என் வழக்கம் என்பதால் அதையும் பார்த்தேன். ஆசிரியர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஆனால் மேசைக்குக் கீழே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கைகள் எனக்குத் தெரிந்தன. கணிதத் துறைத் தலைவர் திரு லிம் நேராகப் பேசுகிறவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அருமையான அனுபவம் ஸ்டெல்லா. ஆனால் நம் பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?" அம்மா கணினியை மூடிப் பைக்குள் வைத்தார். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது மடியில் கணினிப் பையை வைத்துக்கொண்டு சன்னல் பக்கமே பார்த்தபடி வந்தார். கோபமாக இருந்த எனக்கே என்னவோ போலிருந்தது.

மறுநாள் எங்கள் வகுப்பின் முறை. நாற்பது பேர். பாதிப் படங்களைக் குறைத்திருந்தார். இருந்தாலும் வகுப்பு நெளிந்தது. கேள்வி நேரம் வந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன். ஐந்து வாரமாக நெஞ்சில் வைத்திருந்ததை அறிவியல் கேள்வி மாதிரி கேட்டுவிட்டேன்.

"மிசஸ் அருள், வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று அங்கே ஒரு நாளாவது நினைத்தீர்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு படம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு, மேசையின் விளிம்பில் உட்கார்ந்தார். வகுப்பில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு நாள் நினைத்தேன்" என்றார். "ஈஸ்டர் ஞாயிறு. என் மகள் இங்கே கோயிலில் தனியாகப் பாடிய நாள். பாடி முடித்துவிட்டாள் என்று சேதி மட்டும் வந்தது. அன்று என் மனம் வேலையில் இல்லை."

மற்றத் தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின.

அவர் சொன்னது இதுதான். உறைந்த கடலில் துளை போட்டு, நுனியில் கொக்கி வைத்த அளவுநாடாவை உள்ளே இறக்க வேண்டும். கொக்கி பனியின் அடிப்பக்கத்தில் மாட்டியதும் நாடாவை இழுத்துப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும். அன்று காலை பதினொரு துளைகள். மூன்றாவது துளையிலேயே, கொக்கி அடிவரை போகாமல் துளைக்குள் மிதக்கும் பனிக்குழம்பில் மாட்டிக்கொள்கிறதோ என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் விரல்கள் மரத்துப்போனதைச் சொன்னால், வெயில் ஊரிலிருந்து வந்த டீச்சருக்கு இது சரிப்படாது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, சந்தேகமான எண்களையே பதினொன்றுவரை எழுதியிருக்கிறார். மறுநாள் காலை உணவின்போது தாங்க முடியாமல் குழுத்தலைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் திட்டவில்லை. பதினொரு எண்களின் மேலும் கோடு போட்டார். மேலங்கியை மாட்டிக்கொண்டார். எல்லாரும் பனிவண்டியில் ஏறி, திரும்பப் போய், புதிதாகப் பதினொரு துளைகள் போட்டார்கள். ஒரு நாள் முழுக்க வீண். அன்று துளை போட்ட எட்டுப் பேரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அதனாலேயே அழுகை வந்தது என்றார் அம்மா.

"டீச்சர் அழுதீங்களா?" என்று முன்வரிசையிலிருந்து யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"அழுதேன். கண்ணாடிக்குள்ளேயே உறைந்துவிட்டது. துடைக்க முடியாமல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அதன்பின் கேள்விகள் நிற்கவில்லை. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. பனிக்கு அடியில் என்ன இருக்கும், நாடா அறுந்தால் என்ன செய்வீர்கள், கழிவறை எப்படி, எல்லாம் கேட்டார்கள். என் நண்பி ஹுய்லிங் கேட்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது: "நாமும் எதையாவது அளக்கலாமா?"

பள்ளியின் பின்வேலிக்கு அப்பால் ஒரு பெரிய 'லோங்காங்' ஓடியது. மழைநீர் போகும் கால்வாய்க்கு எங்கள் தெருச்சொல் அது. வேலி ஓரத்தில் நின்றே, நுனியில் எடை கட்டி, நிறநாடாவால் அடையாளம் போட்ட கயிற்றை இறக்கி நீரின் ஆழத்தைப் பார்க்கலாம். பள்ளி முதல்வரிடம் அம்மா மூன்று முறை போய் அனுமதி வாங்கினார். ஜூன் விடுமுறை முடிந்ததும், ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இருவர் இருவராக அளந்து, ஆசிரியர் அறைக்கு வெளியே ஒட்டியிருந்த நீளத் தாளில் எழுத ஆரம்பித்தோம். இரண்டாவது வாரம் திரு லிம் அந்தத் தாளின் முன் வெகுநேரம் நின்றார். மூன்றாவது வாரம் அவரே வரைகோல் கொண்டுவந்து, "இதை வைத்தே வரைபடம் நடத்துகிறேன், ஸ்டெல்லா. தாள் எனக்கும் வேண்டும்" என்றார். அம்மா தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை என்னுடைய முறையும் ஹுய்லிங்கின் முறையும். இடி மின்னலோடு மழை. வெளியே போகக் கூடாது. சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, முந்தின நாளின் எண்ணையே கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டோம். மறுநாள் காலை பள்ளிக்கூட்டம் தொடங்குமுன் தனியாகப் போய், அந்த எண்ணின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதினேன். திரும்பினால் பின்னால் திரு லிம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை எடுத்து, வரைபடத்தின் கோட்டைப் புதன்கிழமையிலேயே நிறுத்தி, வெள்ளிக்கிழமைக்கு நேரே மறுபடி தொடங்க ஒரு குறி வைத்தார். "இடையில் வெறுமையாக இருக்கட்டும், ஜெனிஃபர். அதுவும் தகவல்தான்" என்றார்.

அம்மா அந்த இடைவெளியை எப்போது பார்த்தார் என்று தெரியாது. அன்று மாலை பேருந்தில், "ஈஸ்டர் பாட்டை எனக்கு ஒருதரம் பாடிக் காட்டேன்" என்றார். பேருந்தில் கூட்டம். எனக்குக் கூச்சம். இருந்தாலும் அவர் காதோரம் குனிந்து, முழுவதும் பாடினேன்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. வேறொரு பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். கட்டடத்தைச் சுற்றித் தகர வேலி நிற்கிறது. 'லோங்காங்' இன்று புல்லும் நடைபாதையுமாக அழகான ஓடை. லோங்காங் என்ற சொல்லே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா துளை போட்ட விரிகுடாவில் இவ்வருடம் ஈஸ்டர் சமயத்தில் பனியே பிடிக்கவில்லை என்று குழுத்தலைவி எழுதியிருந்தார்.

ஆனால் அந்தக் கதையைச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. பணி ஓய்வுக்குப் பின், ஞாயிறு பகல்களில், எங்கள் கோயில் குழுவோடு கிராஞ்சியில் ஒரு தொழிலாளர் விடுதிக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறார். சென்ற மாதம் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பாடத்தின் நடுவே 'ஐஸ்' என்ற சொல் வந்தது. அதிலிருந்து அம்மாவின் கதை வந்தது. இத்தனை ஆண்டுகளில் அதை அவர் முழுக்கத் தமிழில் சொல்லி நான் கேட்டது அன்றுதான். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் அந்தோணி, இராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், இடைமறித்தார்.

"கடல் எப்படி டீச்சர் உறையும்? பால்மேல ஏடு கட்டுற மாதிரியா?"

அம்மா அசந்துபோனார். "ஏடுதான் அந்தோணி! அதேதான். எனக்கு இந்த வார்த்தை இத்தன நாளா தோணவே இல்ல."

அந்தோணி தயங்கியபடி கைப்பேசியை எடுத்தார். "எம் பொண்ணு அஞ்சாவது படிக்குது டீச்சர். நான் சொன்னா நம்பாது. நீங்களே அதுகிட்டச் சொல்றீங்களா?"

திரையில் இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி வந்தாள். அம்மா முதலிலிருந்து சொன்னார். அவள் கண் கொட்டாமல் கேட்டுவிட்டு, "அந்த ஏட்டு மேல நின்னா, கீழ கடல் சத்தம் கேக்குமா டீச்சர்?" என்றாள்.

அம்மா திரையை நோக்கிக் குனிந்தார்.

"நின்னா கேக்காதும்மா. படுத்துக் காத வச்சா கேக்கும்."

"நீங்க படுத்தீங்களா?"

"படுத்தேன். கடைசி நாள், மத்தவங்க சாமான் கட்டிக்கிட்டு இருக்கும்போது."

இது எனக்கும் தெரியாது. அந்தோணி கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து நிறுத்தினார். பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். நானும் கார்ச் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.