ஐந்து நிமிடத்துக்கு மூன்று தட்டு

இது கட்டுக்கதை இல்லை. என் கண்ணும் மூக்கும் சாட்சி. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நடந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

என் தொழில் நாற்றம் போக்குவது. சிரிக்காதீர்கள். எங்கே கழுவிக் கழுவியும் மூத்திர வாடை போகவில்லையோ, அங்கே என்னைக் கூப்பிடுவார்கள். என் மனைவியின் தம்பி எட்டு மாதமாக என்னோடு இருந்தான். அதற்கு முன் வேறு கம்பெனியில் இதே வேலைதான் பார்த்தான். ஏன் விட்டான் என்று நான் கேட்கவில்லை. மச்சானாயிற்றே, கேட்கத் தோன்றவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, பையன்கள் கழிப்பறையைப் பற்றி அழாத குறையாகச் சொன்னார்.

"மூணு பேர் வந்து கழுவிட்டாங்க. ரெண்டே நாள்ல மறுபடி அதே வாடை. பசங்க உள்ள போகவே மாட்டேங்குறாங்க. அடக்கணுமேன்னு தண்ணி கூடக் குடிக்கிறதில்ல."

எனக்கு மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஆசிட் ஊற்றும்போது தெரியாமல் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது. அதனால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வெளியே இருப்பவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் காவல் நிற்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவில் மூன்று தட்டு. உள்ளே இருப்பவர் பக்கெட்டில் இரண்டு தட்டு. பதில் வராவிட்டால் அந்த நொடியே கதவைத் திறக்க வேண்டும். உள்ளே போகிறவன் தன் உயிரை வெளியே நிற்பவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறான்.

"மச்சான், இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

"என்ன மாமா, நான் இருக்கேன்ல? தைரியமாப் போங்க."

மணி 2.10. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னலில் ஏற்கெனவே கறுப்புத் தாள் ஒட்டியிருந்தேன். இருட்டில் நீல டார்ச் அடித்தால் காய்ந்துபோன மூத்திரக் கறைகூட மஞ்சளாக மின்னும். கறை எங்கே என்று தெரிந்தால்தானே வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

பையன்கள் நிற்கும் பக்கம் அடித்தேன். சுத்தமாக இருந்தது. சுவரோரம், தரை, டைல்ஸ் இடுக்கு... எங்கேயும் ஒன்றுமில்லை. அப்படியானால் மூக்கைத் துளைக்கும் இந்த வாடை?

2.15. டொக். டொக். டொக்.

பக்கெட்டில் இரண்டு தட்டினேன். சத்தம் வந்த பக்கம் டார்ச்சைத் திருப்பினேன்.

கதவின் அடியில் மின்னியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு. எந்தப் பையன் கதவில் போய் மூத்திரம் போவான்? கிட்டப் போய்க் குனிந்தேன். கறைக்கு மேலே, கதவின் பெயிண்டில், நகக் கீறல்கள். தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

2.20. டொக். டொக். டொக்.

சத்தம் கீழேயிருந்து வந்தது. முழங்கால் உயரத்திலிருந்து.

"என்ன மச்சான், உக்காந்துட்டியா?"

பக்கெட்டில் இரண்டு தட்டினேன்.

2.25. மறுபடி மூன்று. மறுபடி கீழே. வேலையைப் பார்ப்போம் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். கோடியில் இருந்த வடிகாலில் ஆசிட்டை ஊற்றினேன்.

உஸ்ஸ்...

தொண்டையைப் பிடித்துக்கொண்டது. பிளீச்சிங் பவுடர்! வடிகாலுக்குள் யாரோ கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஆசிட் பட்டால் விஷக் காற்று. இரண்டும் சேரக் கூடாது என்று மச்சானிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நேற்று சாயங்காலம் இடம் பார்க்க இங்கே தனியாக வந்து போனவன் மச்சான் ஒருவன்தான்.

கதவுக்கு ஓடினேன். இரண்டு கையாலும் அறைந்தேன்.

"மச்சான்! கதவத் தொற!"

மறுபடி அறைந்தேன்.

"டேய்... தொறடா..."

கதவடியிலேயே சரிந்து உட்கார்ந்தேன். தரை ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாக.

நானில்லை... நான் இன்னும் அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

2.30.

டொக். டொக். டொக்.

என் காதுக்குப் பக்கத்தில்.

கதவுக்கு இந்தப் பக்கம்.

வெளியே தாழ்ப்பாள் தானாக விலகியது. கிறீச்...

உருண்டு வெளியே விழுந்தேன். தாழ்வாரத்தில் ஈ, காக்கை இல்லை. மச்சானுக்குப் போட்ட ஸ்டூல் காலி.

2.50க்கு மச்சான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான், கையில் டீ கிளாஸோடு. திறந்து கிடந்த கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "என்ன ஆச்சு மாமா?" என்று கேட்கவில்லை. அவன் கேட்டது இதுதான்:

"இந்தத் தடவை எப்படித் தொறந்துச்சு?"

கேட்டவன் யார்? என் வீட்டில் சாப்பிட்டு, என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டவன்.

பள்ளிக்கூட வாசல் காவலாளிதான் பிறகு சொன்னார். போன வருடக் கோடை விடுமுறை. இதே கழிப்பறை. உள்ளே கழுவ வந்த ஒரு அம்மா, ஆசிட்டோடு. வெளியே காவல் நின்றவனை நாற்பது நிமிடம் காணோம். அந்த அம்மா கதவடியில் உட்கார்ந்த வாக்கில் செத்திருந்தாள், ஆடையெல்லாம் நனைந்து. மாரடைப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"அன்னைக்கும் இவர்தாங்க வெளிய நின்னது. நீங்க தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்."

அன்றோடு அவனை விலக்கினேன். திங்கட்கிழமை தலைமையாசிரியை போன் செய்தார். வாடை சுத்தமாகப் போய்விட்டதாம். பையன்கள் தயங்காமல் போய் வருகிறார்களாம். நானோ அந்தக் கதவடியில் ஒரு சொட்டு மருந்துகூட ஊற்றவில்லை.

போன வாரம் என் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, கோபத்தை விட்டுட்டு ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். தம்பி ரூம் கதவுகிட்ட ஒரே மூத்திர நாத்தம். எவ்வளவு கழுவியும் போகல."

"தட்டுற சத்தம் கேக்குதா?" என்றேன்.



"அது உங்களுக்கு யாரு சொன்னது?"