முன்வாசல் சாவி

வீடு பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம், "கூடம் எவ்வளவு பெருசுங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் கால் கழுவினார், துண்டை உதறினார், மறுபடியும் கால் கழுவினார்.

"கிணத்துத் தண்ணி நல்லா இருக்கு. அடுப்பங்கரை காத்தோட்டமா இருக்கு."

"நான் கூடத்தக் கேட்டேன்."

"காரியஸ்தரு கொல்லப்பக்கமா வரச் சொன்னாரு. அடுப்பங்கரை வரைக்கும் போனேன். அதுக்கு மேல கால் போவல."

வாங்கப்போகிற வீட்டில் பாதியைப் பார்க்காமலே வந்துவிட்டார் மனுஷர். திட்ட எனக்கு வாய் வரவில்லை. கீழத்தெருவில் பிறந்த எங்களுக்கு மேலத்தெரு வீடுகள் எல்லாம் கொல்லையில் தொடங்கி அடுப்பங்கரையில் முடிந்துவிடும். அதே வீட்டில் நானே கல்யாணத்துக்கு முன்பு ஏழு வருஷம் சாணி அள்ளியிருக்கிறேன். மாட்டுக்கொட்டகையில் எத்தனை முளைக்குச்சி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கூடத்தில் எத்தனை தூண் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கூலிச் சண்டையெல்லாம் ஓய்ந்து, குடியிருந்த மனைக்கு அரசாங்கம் பட்டா கொடுத்திருந்த காலம் அது. பட்டா வந்ததே தவிர, மனை பள்ளத்தில் கிடந்தது. ஐப்பசி பிறந்தால் வாய்க்கால் தண்ணீர் அடுப்புக்குள் வந்து நிற்கும். நில உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் நிலம் போனதும், அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான மேலத்தெரு ஐயா மிச்சத்தையும் விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பட்டணம் போய்விட்டார். வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் வீட்டைக் கொடுத்துவிடும்படி காரியஸ்தரிடம் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் பிட்டர் வேலை கிடைத்திருந்தது. துணிந்து கேட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். வீடு அமையவேண்டும் என்று நான் வேண்டவில்லை. 'தாயே, இன்னிக்கு என் காலு கொல்லப்பக்கம் திரும்பாமப் பாத்துக்க' என்று மட்டும் கேட்டேன். மிச்ச எண்ணெய்ப் புட்டியை மடியில் செருகிக்கொண்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, பட்டப்பகலில் மேலத்தெருவில் போய் அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

காரியஸ்தர் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா இங்க வந்து நிக்கிற? அங்க கொல்லக்கதவத் தொறந்து வச்சுக்கிட்டு காத்துக் கெடக்குறேன்."

"வாங்கப்போற வீட்ட வாசல் வழியாப் பாக்கணும்ங்க."

"வாசல் சாவி இங்க இல்ல. குத்தாலத்துல என் வீட்டுல மாட்டிக் கெடக்கு."

"எடுத்துட்டு வாங்க. நிக்கிறோம்."

"இந்த வெயில்ல மூணு மைல் சைக்கிள் மிதிக்கச் சொல்றியா? எந்தப் பக்கமாப் போனா என்னம்மா, ஒரே வீடுதான?"

"ஒரே வீடுதானுங்களே. அப்ப வாசல் வழியாவே காட்டுங்க."

எதிர்வீட்டுப் பெரியவர் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே குரல் கொடுத்தார். "ஏ புள்ள, இங்க சாணி அள்ளுனவதான நீ? வழி மறந்துபோச்சா?"

"மறக்கலீங்க. அந்த வழி நல்லாத் தெரியும். இந்த வழிதான் தெரியாது, பாக்க வந்தேன்."

காரியஸ்தர் முனகிக்கொண்டே சைக்கிளில் ஏறினார். நடுத்தெருவில் வெயில் கொளுத்தியது. ஜன்னலுக்கு ஜன்னல் கண் தெரிந்தது. வீட்டுக்காரர் என் காதோரம் வந்தார். "போயிருவோமா? டூட்டிக்கு நேரமாச்சு."

"நேரமானா நீங்க போங்க. நான் நிக்கிறேன்."

அவர் போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து, என்மேல் விழுந்த வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

சாவி வந்தது. பூட்டு திறக்கவில்லை, துரு. "பாத்தியா, நான் என்ன செய்ய?" என்று காரியஸ்தர் கையை விரித்தார். மடியிலிருந்த புட்டியை எடுத்து, ஆத்தாவுக்கு ஊற்றிய மிச்சத்தைப் பூட்டின் வாயில் ஊற்றினேன். வீட்டுக்காரர் வாங்கி இரண்டு திருகு திருகினார். பிட்டர் கை அல்லவா, திறந்துகொண்டது.

வலது காலை வைத்து உள்ளே போனேன். தூண் நான்கு. கூடத்தைக் காலால் அளந்தேன், நீளம் பன்னிரண்டு தப்படி. பிறகு அண்ணாந்து பார்த்தேன்.

"மோட்டுல கரையானுங்க. ரெண்டு உத்தரம் போச்சு. அத மாத்திக் குடுத்தாத்தான் இந்த விலை."

"அன்னிக்கு வந்தப்ப ஒன் வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலையே."

"அவரு எங்க கூடத்தப் பாத்தாரு? நீங்க கொல்லயோட அனுப்பிட்டீங்க."

காரியஸ்தர் தலையைச் சொறிந்தார். "சரிங்க, ஐயாவுக்கு எழுதி மாத்தித் தரச் சொல்றேன்" என்றார். அந்த 'ங்க' எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். அந்தக் கூடத்திலேயே வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தோம்.

புறப்படும்போது வீட்டுக்காரர் பழக்கத்தில் அடுப்பங்கரைப் பக்கம் நடந்தார். "ஏங்க" என்றேன். நின்றார். போய்க் கொல்லைக்கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

காரியஸ்தர் வாசலைப் பூட்டிச் சாவியை என் கையிலேயே வைத்தார்.

"பத்திரம் முடியற வரைக்கும் நீங்களே வச்சுக்குங்கம்மா. இன்னொரு தடவ என்னால மிதிக்க முடியாது."