சுழற்சி நிற்கவில்லை

பல்சார் என்பது செத்த விண்மீனின் மிச்சம். வேகமாகச் சுழன்றபடி சுற்றுக்கு ஒரு வானொலித் துடிப்பை அனுப்பும். பௌதிகவியல் படிப்பித்த காலத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஓய்வுபெற்ற பிறகு ஒரு கட்டுரையில் மீதியை வாசித்தேன். சில பல்சார்கள் திடீரென்று துடிப்பை நிறுத்திவிடும். நாட்களோ வாரங்களோ கழித்து மறுபடி தொடங்கும். ஏன் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் திரும்பி வரும் துடிப்புகளை எண்ணினால், மௌனத்திலும் அது சுழன்றுகொண்டே இருந்தது தெரியவரும். அந்த இடைவெளியில் அதன் வேகம் தேய்வதுகூடக் குறைவு.

மறதி நோயில் என் மனைவியின் பேச்சு விட்டுவிட்டு வரத் தொடங்கியபோது அந்தக் கட்டுரையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் இளம் பெண் டாக்டர் என்னைக் காட்டிக் கேட்டார்: "இவர் ஆர் அம்மா? பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

மனைவி நிலத்தைப் பார்த்தாள்.

"அவ சொல்லமாட்டா, பிள்ளை. நாப்பத்தொன்பது வருசமாச் சொன்னதில்லை. எங்கட வயசுப் பெண்டுகள் புருசன்ர பேர் சொல்லாயினம்."

"அப்ப நான் என்னெண்டு அறியிறது, ஐயா?"

கணவரை அடையாளம் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், ஆட்டோவுக்குள், மனைவி வாய் திறந்தாள். "பேர் கேக்கிறாள் அந்தப் பெட்டை. ஆளைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு."

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

"என்ன ஐயா, எதையும் மறந்துபோட்டியளோ?" என்றான் ஓட்டுநர்.

"இல்லை. ஞாபகம் வந்திட்டுது."

ஆட்டோவில் அவள் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். அவர் முன்னால் அவள் மறுபடி மௌனம். "உங்கட ஆசையிலை அப்பிடிக் கேட்டிருக்கும்" என்றார் அவர், மெதுவாக.

அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. இருந்தாலும் நான் பயப்படவில்லை. எனக்குச் சீனி வருத்தம், முழு இனிப்பு ஆகாது. தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ளும் பனங்கட்டியை அவள்தான் பாதியாக உடைத்து என் பக்கம் வைப்பாள், மற்றப் பாதியைத் தன் பக்கம். பேச்சு நின்ற பிறகும் தினமும் இரண்டு வேளை, காலையும் பின்னேரமும், பிசகாமல் உடைத்தாள். உள்ளே சுழன்றுகொண்டிருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

இன்று பின்னேரம் முழுக்கட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுத் யன்னலுக்குக் கீழே தெரியும் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே அதை உடைத்து, பாதியை அவள் பக்கம் வைத்தேன். இன்னும் அங்கேயே கிடக்கிறது.