பத்தாவது சுற்று

ரோகிணி அக்காவைப் போல யாரையும் நம்பாத ஆளை நான் பார்த்ததில்லை. கணினி சொல்வதையே நம்ப மாட்டார். "அசாருதீன், நீ பாத்தியா? உன் கண்ணால பாத்தியா?" என்று கேட்டே என் உயிரை வாங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தின் கம்பைலர் பிரிவில் இருக்கிறோம். அவர் நாகமலை புதுக்கோட்டையில் தன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், நான் காஜிமார் தெருவில் என் வீட்டிலிருந்து. நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். அதில் அடுத்தவர் விட்ட பிழையைத் தேடிப் பிடிப்பதுதான் அக்காவின் பதினோரு வருடப் பிழைப்பு. இந்த முறை வரவிருந்த புதிய பதிப்பில், அவர் சொந்தமாக எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய வேலையும் முதல்முறையாகச் சேர்ந்திருந்தது.

வெளியீட்டுக்குச் சில நாட்களே இருக்கும்போது வந்தது வினை. இரண்டு ஜிபி நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்பைலர் திடீரென்று ஐந்து ஜிபிக்கு மேல் தின்றது. முந்தைய பதிப்புக்குப் பிறகு நாங்கள் செய்திருந்த மாற்றங்கள் ஆயிரம். எது கெடுத்தது? நடுவில் இருக்கும் மாற்றம் வரை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிகமாகத் தின்றால் கோளாறு முன்பாதியில், இல்லையென்றால் பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் பத்துச் சுற்றில் அகப்பட்டுவிடும். சுற்றுக்கு ஐம்பது நிமிடம். இதைத் தானாகவே நடக்கும்படி செய்துவிடலாம். அக்கா கேட்பாரா? திரையில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணையும் கண்ணால் பார்த்து அவரேதான் அமுக்குவார்.

பத்தாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. டி. கல்லுப்பட்டியில் அக்காவின் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. அத்தையாக இருந்துகொண்டு போகாமல் முடியாது. "மூணுக்கு மேல போனா சிவப்பு, கீழ இருந்தா பச்சை" என்று கணவர் ஜெயபாண்டியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜெயபாண்டி அண்ணன் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் தரம் பார்ப்பவர். நாள் முழுக்க வாஷர்களை எடுத்துப் பார்த்து, சொத்தையைக் கழித்துப் போடும் மனிதர். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மறுநாள் குழுவில் எல்லாருக்கும் அக்காவின் மடல் வந்தது. குற்றவாளி என்னுடைய மாற்றமாம். மூன்று மாத உழைப்பு. தலைவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எடுத்துவிடு என்றுவிட்டார். எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு துளி கூடக் குறையவில்லை. அன்று மாலை ஆறு மணிக்குப் பதிப்பைப் பூட்டிவிடுவார்கள், அதன்பின் எதையும் சேர்க்க முடியாது. வந்த ஆத்திரத்தில் வண்டியை எடுத்து, காளவாசல் நெரிசலில் வெந்து, நாலேகாலுக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"அக்கா, பத்துச் சுத்தையும் நீங்கதான் பாத்தீகளா?"

"ஒம்பதை நான் பாத்தேன். பத்தாவதை..." என்று இழுத்தவர் கணவர் பக்கம் திரும்பினார். "என்னங்க, நேத்து எம்புட்டு காட்டுச்சு?"

"அஞ்சே கால்" என்றார் ஜெயபாண்டி அண்ணன், கொஞ்சமும் தயங்காமல்.

"அஞ்சே காலுக்கா பச்சையை அமுக்குனீங்க?"

"கீழ உன் பேரு போட்டிருந்துச்சு. உன் பேரு இருக்கயில சிவப்பை எப்பிடி அமுக்குறது? எட்டு மாசமா நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசிச் சுற்றில் மிஞ்சியவை இரண்டே மாற்றங்கள்: அக்காவுடையது, அதற்கு அடுத்து என்னுடையது. அவருடையதற்குப் பச்சை என்றால் பழி நேரே என் தலையில்தான் விடியும்.

"ஏண்ணே, கம்பெனில செஞ்சவன் பேரைப் பாத்தா வாஷரைக் கழிப்பீக?"

"அது வாஷர், தம்பி."

அக்கா கடைசிச் சுற்றை மறுபடி ஓட்டினார். ஐம்பது நிமிடம் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தே கால் ஜிபி என்று வந்தது. சிவப்பை அமுக்கினார். பிறகு தன் நிரலைத் திறந்து பார்த்தார். எடுத்த நினைவகத்தை ஓரிடத்தில் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார். இதே தவறுக்காக எங்களை எத்தனை முறை திட்டித் தீர்த்திருக்கிறார்!

திருத்திச் சோதிக்க இரண்டு நாளாவது வேண்டும். "தள்ளி வைக்கச் சொல்லுவோம்க்கா" என்றேன். சண்டை போட வந்தது எனக்கே மறந்துவிட்டது.

"தள்ளி வைக்க மாட்டாங்க. கேட்டுக்கிட்டு இருந்தா மணி ஆறாயிரும், உன் வேலையும் வெளிய நின்னுரும்."

மடல் எழுதத் தொடங்கினார். கோளாறு தன்னுடைய மாற்றத்தில்; பத்தாவது சுற்றைத் தான் சரியாகப் பார்க்கவில்லை; அசாருதீன் வேலையைத் திரும்பச் சேர்த்துத் தன் வேலையை எடுத்துவிட வேண்டும். பின்னால் நின்று படித்த ஜெயபாண்டி அண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

"நான்தான் அமுக்குனேன்னு எழுது. எம் பேரைப் போடு."

"சும்மா இருங்க. எங்க ஆபீஸ்ல உங்க பேரை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

ஐந்தே முக்காலுக்கு மடல் போய்விட்டது. ஆறு மணிக்குப் பூட்டிய பதிப்பில் என் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. அன்றிரவு எனக்கு முதலில் வாழ்த்து அனுப்பியதும் அவர்தான். என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் இன்றுவரை முழித்துக்கொண்டிருக்கிறேன்.