ஓல்போர்க்கில் விழுந்தவர்கள்

மே நாலாம் திகதி இரவு டென்மார்க்கில் வீட்டு யன்னல்களில் மெழுகுதிரி வைப்பார்கள். நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படை சரணடைந்த செய்தி வந்த இரவு அது. ஏனென்று சரியாகத் தெரியாமலே, பக்கத்து வீட்டைப் பார்த்து நானும் பல வருடம் வைத்தேன். பென்ஷன் எடுத்த பிறகுதான் நான் எழுத வாசிக்கப் படித்தேன். முதலில் தமிழ், பிறகு டெனிஷ். அந்தப் படையை எதிர்த்து ஒளித்திருந்து சண்டை பிடித்தவர்களின் கல்லறைக் கற்களை நானே வாசிக்க வேண்டும் என்று இந்த வருடம் அதே நாளில் ஓல்போர்க் போனேன்.

நான் இருக்கும் பிராண்டேயிலிருந்து காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டோம். கார் குணத்தினுடையது; தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். நூற்றைம்பது கிலோமீட்டர் வரும். வழியில் நின்ற ஒரு பலகையையும் நான் விடவில்லை.

"அண்ணை, அது பண்டிப் பண்ணையின்ர பேர். அதையும் வாசிக்கோணுமே?"

"நீ ரோட்டைப் பார்."

பதினொன்றுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். முதல் கல்லை எழுத்துக் கூட்டினேன். ஒரு பெயர், வயது இருபத்தொன்று, கீழே ஒரு சொல்: 'ஃபால்ட்'. விழுந்தான். அடுத்த கல்லிலும் விழுந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அந்நிய ஆமி நின்ற காலத்தில் என் தம்பி இராசனும் அதை எதிர்த்துச் சண்டை பிடித்த பெடியளோடு சேர்ந்தவன். வயலில் வைத்துச் சுட்டார்கள். ஆமி வந்து வீட்டைக் கொளுத்தும் என்ற பயத்தில், அவன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான் என்று சொல்லச் சொன்னார் எங்களைப் பெற்ற ஐயா. அந்தக் கிணற்றிலேயே முங்கி விளையாடியவன் அவன். இன்றுவரை அந்தப் பொய்யைத்தான் சொல்கிறோம். அதே பொய்யை இங்கே கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்களே.

ஒரு டெனிஷ் அம்மா பூ வைத்துக்கொண்டிருந்தார். என் உடைந்த டெனிஷில் நேரே கேட்டேன்: இவர்களைச் சுட்டதுதானே, மரத்தால் விழுந்தவர்கள் மாதிரி ஏன் எழுதினீர்கள்?

அவர் சிரிக்கவில்லை. போரில் கொல்லப்பட்டவர்களுக்கு மரியாதையாக எழுதும் சொல் அது என்றார். வந்த படைக்காரர் இவர்களைப் பயங்கரவாதிகள் என்றுதான் எழுதினார்களாம். அது அவருடைய மாமாவின் கல்.

"தமிழிலயும் இருக்கு அண்ணை," என்றார் குணம். "விழுந்தான் இல்லை, வீழ்ந்தான். வீயன்னா. அந்தப் பாடத்துக்கு இன்னும் வரேல்லையோ?"

"வந்தனான். அது இப்பிடிச் செத்தவைக்கு எண்டு ஆரும் சொல்லேல்லை."

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. இங்கே அந்நியப் படை போனதும் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். எங்கள் ஊரில் நின்ற அந்நியப் படையும் போனது. நாங்கள் கிணற்றை விடவில்லை.

போகிறவர்களுக்கு: உள்ளே போகக் காசில்லை. காரை விடும்போது கண்ணாடியில் வந்த நேரத்தைக் காட்டும் தட்டை வையுங்கள்; மறந்தால் தண்டம். அங்கே காற்று அதிகம், மூடியுள்ள மெழுகுதிரி கொண்டுபோங்கள். டெனிஷ் அகராதியும் நல்லது.

ஊரில் இருக்கும் அக்கா இதை வாசித்தால், இப்போதும் பயந்து என்னை ஏசுவா. ஏசட்டும். என் தம்பி இராசன் அந்நிய ஆமி சுட்டு வீழ்ந்தான். நெடில்தான் போட்டிருக்கிறேன், திரும்பவும் பார்த்துவிட்டேன்.